இடுப்பு உயரத்து ஜன்னல்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக வந்ததில்லை, என் தலையில் கட்டப்பட்டது. கட்டடத் தொழில்காரர்களுக்காக வரும் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். நூலகம், பள்ளிக்கூடம், விளையாட்டு அரங்கம் என்று ஊருக்குப் பொதுவான கட்டடங்களுக்கு ஒரு சிறப்பிதழ் போடுகிறார்களாம். அவற்றை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று ஆறு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம்.

எனக்கும் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம்? என் வாழ்நாளில் நான் சுவரில் அடித்த ஆணி ஒன்றே ஒன்று. அது காலண்டரையும் ஒரு பிடி சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு மறுநாளே இறங்கி வந்துவிட்டது.

"உங்க அண்ணி ஆர்க்கிடெக்ட்தானே?" என்றார் ஆசிரியை.

"அப்ப அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். 'எனக்கு வரையத்தான் வரும், எழுதறதுக்கு என் கொழுந்தன் ஒருத்தன் சும்மாத்தான் உக்காந்திருக்கான்'னு சொன்னாங்க."

ஆக, சும்மா உட்கார்ந்திருந்தவன் எழுதுகிறேன். கேட்டது கட்டுரை, வந்துகொண்டிருப்பது கதை. ஆசிரியை இதை எந்தப் பக்கத்தில் போடுவார் என்பது அவர் கவலை.

அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். எழுத எழுத அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். சரி என்றேன். ஆழம் தெரியாமல் நான் காலை விட்டது அங்கேதான்.*

* அண்ணிக்கு 'அவர்' என்றும் அண்ணனுக்கு 'அவன்' என்றும் எழுதுகிறேன். இருவருக்கும் ஒரே வயதுதான். எங்கள் வீட்டில் மரியாதை வயதைப் பார்த்து வருவதில்லை.

2

முதல் தொடக்கம்:

வானம் கறுத்திருந்தது. கட்டி முடியாத அந்தக் கட்டடத்தின் முன்னால் அவள் தன்னந்தனியாக நின்றாள். அவள் கண்களில் ஒரு—

"நிறுத்து, நிறுத்து" என்றார் அண்ணி. "அன்னிக்கு நல்ல வெயில். சைட்ல பதினோரு பேர் இருந்தாங்க. எவன் தனியா விட்டான் என்னை?"

இரண்டாம் தொடக்கம்:

மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாள் முதலாகவே, கூடி வாழ்வதற்கான இடங்களை அவன்—

[இதை நானே அடித்துவிட்டேன். குகையிலிருந்து தொடங்கும் கட்டுரைக்காரனைக் குகைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.]

மூன்றாம் தொடக்கம்:

"அக்கா, பலகை ஜன்னல்ல போய் முட்டுது" என்றார் தச்சர்.

இந்தத் தடவை அண்ணி நிறுத்தச் சொல்லவில்லை. "ஆமா, அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். எனவே இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பலகை, எந்த ஜன்னல், முட்டினால் யாருக்கு என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு எட்டு பின்னால் போய்விட்டு வருவோம், தச்சர் அங்கேயே நிற்கட்டும்.

3

பதினேழு வருஷம் அண்ணி ஒரு பெரிய அலுவலகத்தில் வரைந்தார். மருத்துவமனைகள், விடுதிகள், அடுக்குமாடிகள். எல்லா வரைபடத்திலும் கீழே வலது மூலையில் முதலாளியின் பெயர் இருக்கும். கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதிலிருந்து படிக்கட்டின் கைப்பிடி எங்கே முடிய வேண்டும் என்பது வரை யோசித்தவர் அண்ணி. "அது பரவாயில்ல. ஆனா கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும்ல, அது நான் போட்ட கதவுன்னு" என்பார்.

பிறகு வேலையை விட்டார். ஊருக்குள் ஒரு காலி மனையில் பொதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்து அனுப்பினார். அது தேர்வானது. வலது மூலையில் முதல் முறையாக அவர் பெயர். அந்தத் தாளை அவர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார். நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கட்டடம் ஒன்று, வேலை இரண்டு. ஒரு பக்கம் வாசக அறை, மறு பக்கம் மரத் தரை போட்ட விளையாட்டு அரங்கம். நடுவில் ஒரு கான்கிரீட் சுவர். வாசக அறைக்கு அதுதான் மேற்குச் சுவர். அந்தச் சுவரில் அண்ணி நீளமாக ஒரு திறப்பு வைத்திருந்தார். ஆறு மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் உயரம், கனத்த கண்ணாடி. படிப்பவர் தலையைத் தூக்கினால் விளையாடுபவர் தெரிவார். விளையாடுபவர் திரும்பினால் படிப்பவர் தெரிவார். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்கு எட்டு மாதச் சண்டை. கட்டடக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். "படிக்கிற எடத்துல பந்துச் சத்தம் கேட்டா எவன் உருப்படுவான்?" என்றார்.

"சத்தம் கேக்காது சார். கண்ணாடி இருக்கு. பாக்க மட்டும்தான் முடியும்."

"பாத்தா மட்டும் உருப்பட்ருவானா?"

[இந்த இடத்தில் பொது இடங்களில் பார்வைத் தொடர்பு பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஆசிரியைக்குப் பிடித்திருக்கும். அண்ணி கொட்டாவி விட்டார். எடுத்துவிட்டேன்.]

ஏன் அண்ணி விடாப்பிடியாக நின்றார் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ.

"எங்க ஸ்கூல் லைப்ரரில நான் உக்கார்ற எடத்துக்கு எதிர்ல ஒரு சுவர்" என்றார். "அதுக்கு அந்தப் பக்கம் மைதானம். சிரிப்புச் சத்தம் மட்டும் கேக்கும். யாரு சிரிக்கிறா, எதுக்குச் சிரிக்கிறா, ஒண்ணும் தெரியாது. எனக்கு ஓடத் தெரியாதுடா, பந்து பிடிக்கவும் தெரியாது. பாக்கறதுக்குக் கூடவா குடுத்து வெக்கல?"

அந்த ஜன்னல் போனால் அண்ணிக்குக் கட்டடமே போன மாதிரி. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணியும் அப்படித்தான் வைத்திருந்தார்.

4

இப்போது ஒரு காகித மனிதனை அறிமுகப்படுத்துகிறேன்.

கட்டடம் வரைபவர்கள் அட்டையில் ஒரு மாதிரி செய்வார்கள். ஐம்பதில் ஒன்று என்று கணக்கு. அதாவது நிஜத்தில் ஐம்பது சென்டிமீட்டர் இருப்பது அட்டையில் ஒரே சென்டிமீட்டர். அதற்குள் ஓர் ஆளையும் வெட்டி நிறுத்துவார்கள். ஆள் இல்லாவிட்டால் அட்டைப்பெட்டிக்கும் கட்டடத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் நின்றால்தான் இது கதவு, இது படி, இது பெரிய கூடம் என்று கண்ணுக்குப் பிடிபடும். அண்ணியின் பழைய அலுவலகத்தில் அதற்கு 'அளவு மனுஷன்' என்று பெயர்.

அண்ணியின் அளவு மனுஷன் என் அண்ணன்.

கல்யாணமான புதிதில், ஒரு பள்ளிக்கூடப் போட்டிக்காக மாதிரி செய்தபோது, அண்ணி அண்ணனின் ஒரு போட்டோவைப் பார்த்து வெள்ளை அட்டையில் வெட்டியது. நகத்தளவு ஆள். தொப்பை அப்போதே தெரிகிறது. தோளில் சாப்பாட்டுப் பை. அந்தப் போட்டியில் அண்ணி தோற்றார். அட்டை மாதிரி குப்பைக்குப் போனது, அண்ணன் மட்டும் ஒரு தகர டப்பாவில் பன்னிரண்டு வருஷம் குண்டூசிகளோடு குடித்தனம் நடத்தினான்.

இந்தக் கட்டடத்துக்கு மாதிரி செய்யும்போது அண்ணி டப்பாவைத் திறந்து அவனை எடுத்து, வாசக அறையில், மேற்குச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். பிறகு தரையில் மண்டியிட்டு, அவன் கண் எங்கே இருக்கிறதோ அங்கே தன் கண்ணை வைத்துப் பார்த்து, பிளேடால் சுவரைக் கீறி அந்தத் திறப்பை வெட்டினார். குழுத் தலைவரையும் அப்படியே குனிந்து பார்க்க வைத்தார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, "சரி, பாத்துத் தொலைக்கட்டும்" என்றாராம். அன்றே அண்ணி ஸ்கேலை வைத்துத் திறப்பின் உயரத்தை அளந்து வரைபடத்தில் எழுதினார். தரையிலிருந்து எண்பத்தைந்து சென்டிமீட்டரில் ஆரம்பம், நூற்றுப் பதினைந்தில் முடிவு.

உங்களில் கணக்குத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். மற்றவர்கள் தச்சரிடம் வாருங்கள்.

5

(வருவதற்கு முன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கே இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் இருக்கிறது.)

அண்ணனுக்குப் பேருந்து அட்டவணை தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. பேருந்து கிளம்பிவிட்டால்கூட ஓடமாட்டான், அடுத்தது எத்தனை மணிக்கு என்று அவனுக்குத் தெரியும். நான் பார்த்து அவன் ஓடியதில்லை, குதித்ததில்லை, பலமாகச் சிரித்ததும் இல்லை. பலகை முட்டிய அந்த நாள் வரைக்கும் அண்ணியின் சைட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. அதனால் முதல் வரைவில் அவனை ஒரு கல்நெஞ்சக்காரக் கணவனாக எழுதியிருந்தேன். மனைவியின் கனவைக் கண்டுகொள்ளாத அந்த மனிதனின்—

"யாருடா கல்நெஞ்சக்காரன்?" என்றார் அண்ணி. "நான் வேலைய விட்ட அன்னிக்கு அவர் என்ன செஞ்சாரு தெரியுமா? சாப்பாட்டு மேசைய காலி பண்ணிக் குடுத்தாரு. ரெண்டு வருஷம் தட்டை மடில வெச்சுச் சாப்ட்டாரு. ஒரு நாள் கூட 'எப்ப முடியும்'னு கேக்கல. அத எழுது."

எழுதிவிட்டேன். கதைக்கு வில்லன் இல்லாமல் போய்விட்டான். இனி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே அடுத்த எண்ணைப் போடுகிறேன்.

6

"அக்கா, பலகை ஜன்னல்ல போய் முட்டுது" என்றார் தச்சர்.

நின்றபடி செய்தித்தாள் படிப்பதற்கு, சாய்வாக ஒரு நீளப் பலகை. அதை ஜன்னலுக்குக் கீழே பொருத்த வேண்டும் என்பது வரைபடம். பலகையின் உயரம் நூற்றுப் பத்து. தச்சர் அதைச் சுவரில் வைத்துப் பிடித்தார். ஜன்னல் பலகைக்குப் பின்னால் மறைந்துபோனது. மேலே மூன்று விரற்கடை கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது.

"தலைகீழா பிடிச்சிருக்கீங்களா?"

"பலகைக்கு ஏதுக்கா தலையும் காலும்?"

அண்ணி கிட்டே போய் நின்றார். சாரமும் பலகை அடைப்பும் எடுத்து, கண்ணாடி மாட்டி, காகிதம் ஒட்டி வைத்திருந்த சுவர். அன்றுதான் காகிதத்தைக் கிழித்திருந்தார்கள். நேராக நின்று பார்த்தால் வெறும் கான்கிரீட். ஜன்னல் எங்கே? குனிந்து பார்த்தார். இடுப்பில் இருந்தது. அவர் வயிற்றுக்கு எதிரில், ஆறு மீட்டர் நீளத்துக்கு, பளபளவென்று.

"தொப்பைக்குக் காத்து வர்றதுக்கா இது?" என்றார் தச்சர். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

அண்ணி பையைத் திறந்தார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். எண்பத்தைந்து, நூற்றுப் பதினைந்து. கட்டியவர்கள் மேல் தப்பில்லை, வரைந்தபடியே அச்சாகக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஓடிப்போய் அட்டை மாதிரியைப் பார்த்தார். அங்கே அண்ணன் ஜன்னலுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு சமர்த்தாக நிற்கிறான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு அவனைப் பிய்த்தெடுத்து ஸ்கேலில் படுக்க வைத்து அளந்தார்.

இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

டப்பாவுக்குள் போவதற்கு முன்னால் அவன் நின்ற அந்தப் பள்ளிக்கூட மாதிரி ஐம்பதில் ஒன்று இல்லை, எழுபத்தைந்தில் ஒன்று. அங்கே அவன் ஐந்தரை அடி ஆள். அவனையே தூக்கி ஐம்பதில் நிறுத்தினால் மூணே முக்கால் அடிகூடத் தேறமாட்டான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஓர் ஆறு வயதுக் குழந்தையின் உயரத்துக்குத் தொப்பையும் சாப்பாட்டுப் பையும் வைத்த ஓர் ஆளை நம்பி அண்ணி சுவரைக் கீறியிருக்கிறார்.

பதினேழு வருஷ அனுபவம்! புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைச் செய்தால் அண்ணியே ஸ்கேலால் மேசையைத் தட்டித் திட்டியிருப்பார். ஆனைக்கும் அடி சறுக்கும்.*

* "என்னை ஆனைன்னு எழுதாதே" என்றார் அண்ணி. "பழமொழி அண்ணி" என்றேன். "அப்ப பழமொழிய மாத்து" என்றார்.

7

நான்கு நாளில் நகராட்சிப் பொறியாளர் வருகிறார். அவர் கையில் ஒரு படிவம், அதில் நாற்பது இனங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். நாற்பதும் நிரம்பினால்தான் கதவு திறக்கும். பதினேழாவது இனம்: வாசக அறை, மேற்குச் சுவர், திறப்பு.

உயரத்தை மாற்ற முடியாது. அது கூரையைத் தாங்கும் சுவர், இன்னொரு இடத்தில் வெட்ட விடமாட்டார்கள். இருப்பதை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அடைத்துப் பூசலாம். படிவத்தின் பின்பக்கத்தில் விதி தெளிவாக இருக்கிறது. வடிவமைப்பில் பிழை என்று தெரிந்த திறப்பை அடைத்துவிட வேண்டும். குழுத் தலைவர் பூச்சுக் கரண்டியை அவரே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

தச்சர் ஒரு யோசனை சொன்னார். "அக்கா, பலகைய நான் மாட்டவே இல்ல. பலகை இல்லைன்னா யாருக்கு என்ன தெரியும்? வரைபடத்துல எண்பத்தஞ்சு, சுவர்ல எண்பத்தஞ்சு. ஏன் இவ்ளோ கீழன்னு கேட்டா, வேணும்னுதான் வெச்சேன், அதான் இப்ப பாணின்னு சொல்லிருங்க. அந்த ஆளு தலையாட்டிட்டுப் போயிருவாரு."

உண்மையிலேயே போய்விடுவார். அண்ணிக்கும் அது தெரியும். ஒரே ஒரு வாக்கியம், ஜன்னல் பிழைத்துவிடும்.

[இந்த இடத்தில் அண்ணி தூக்கமில்லாமல் தவிப்பதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். "நல்லாத் தூங்கினேன்" என்றார். "சாப்பிடும்போதுதான் கஷ்டமா இருந்துச்சு. அவர் எதிர்ல உக்காந்து மடில தட்டை வெச்சிட்டிருக்காரு. மேசை காலியாத்தான் இருக்கு, வேலை முடிஞ்சிருச்சு, ஆனா அவருக்கு மடிதான் பழக்கமாயிருச்சு. அவரைப் பாக்கும்போதெல்லாம் இருபத்திரண்டு மில்லிமீட்டர்னு ஞாபகம் வந்து சிரிப்பு வருது. அடக்கறதுதான் கஷ்டம்."]

அண்ணனிடம் சொன்னாராம். அவன், "என்னை அளந்திருக்கலாமே, நான் இங்கதானே இருக்கேன்" என்றானாம்.

8

பொறியாளர் வந்தார்.

நான் அவரைக் குள்ளமாக எழுதிவிடலாமா என்று பார்த்தேன். வேலை சுலபமாகிவிடும், ஜன்னல் அவர் கண்ணுக்கு நேராக வந்துவிடும். ஆனால் அண்ணி விடவில்லை. ஆறடிக்கு மேல் ஒரு விரல், முதுகு வலி வேறு. காலையிலிருந்து பதினாறு இனங்களுக்குக் குனிந்து நிமிர்ந்து, கட்டங்களை நிரப்பி, மேற்குச் சுவருக்கு வரும்போது ஒரு கை இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஜன்னல் எங்கம்மா?"

"கீழ பாருங்க சார்."

குனிந்தார். "அம்மாடி" என்றார். நிமிர்ந்தார். இன்னொரு தடவை "அம்மாடி" என்றார்.

"இது யாருக்கும்மா ஜன்னல்? நிக்கறவனுக்குத் தெரியல. குனியறவனுக்கு முதுகு போவுது." பேனாவைத் திறந்து பதினேழாவது கட்டத்தின் மேல் வைத்தார். "நேராக் கேக்கறேன். இது வேணும்னு வெச்சதா, தப்பா?"

தச்சர் தொண்டையைக் கனைத்தார். வேணும்னு என்று உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினார்.

அண்ணி அந்தச் சுவரைப் பார்த்தார். எட்டு மாதச் சண்டை. அதற்கு முன்னால் பதினேழு வருஷம். அதற்கும் முன்னால் ஒரு பள்ளிக்கூட நூலகம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிக்கும் சத்தம்.

"தப்புதான் சார்" என்றார்.

தச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க எனக்கு வராது" என்றார் அண்ணி. "இனிமே நூறு கட்டடம் வரைவேன். எல்லாத்தோட மூலைலயும் எம்பேரு இருக்கும். ஒவ்வொரு தடவையும் இது ஞாபகம் வரும். வேண்டாம்." பையிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். "இவரால வந்தது சார். இவரை வெச்சுத்தான் உயரம் எடுத்தேன். இவரு வேற கணக்குக்கு வெட்டினவரு. மாத்தி நிறுத்திட்டேன்."

பொறியாளருக்கு இது புதுசு. இருபத்தைந்து வருஷத்தில் மழையைச் சொன்னவர்கள் உண்டு, மேஸ்திரியைச் சொன்னவர்கள் உண்டு, நேரம் சரியில்லை என்றவர்கள் உண்டு. நகத்தளவு ஆள் ஒருவனைக் குற்றவாளியாகக் கொண்டுவந்து நிறுத்தியவர் யாரும் இல்லை. அவனை உள்ளங்கையில் வாங்கினார். ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். அப்படியும் தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை. வெளிச்சம் வந்த இடம் ஒன்றே ஒன்று, அந்த ஜன்னல். பக்கத்தில் ஒரு காலி பெயிண்ட் டப்பா கவிழ்ந்து கிடந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்து, காகித மனிதனை இரண்டு விரலில் பிடித்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

தொப்பை தெரிந்தது. தோளில் பை தெரிந்தது.

அவனுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒன்று இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு போனது.

பொறியாளர் கையை இறக்கினார். போனது திரும்பி வந்தது, வலமிருந்து இடமாக. ஒரு ஆள். நடுத்தர வயது. தொப்பை. தோளில் சாப்பாட்டுப் பை. காலில் சாக்ஸ் மட்டும். அன்று காலைதான் பாலிஷ் போட்டு முடித்த மரத் தரையில், அந்த மனிதர் ஓடிவந்து, இரண்டு கைகளையும் விரித்து, விர்ரென்று வழுக்கிக்கொண்டே அரங்கத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"யாரும்மா அது?" என்றார் பொறியாளர்.

அண்ணி குனிந்து பார்த்தார். 

"இவர்தான் சார்" என்றார், அவர் கையில் இருந்த காகிதத்தைக் காட்டி.

(நடந்தது இது. அண்ணி அன்று காலை சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் கொண்டுவந்தான். முதல் முறையாக வந்தவனுக்கு வாசல் தெரியாமல் அரங்கத்துக்குள் நுழைந்துவிட்டான். 'காலணியைக் கழற்றவும்' என்று எழுதியிருந்தது, கழற்றினான். அட்டவணைக்காரன், எழுதியிருந்தால் செய்வான். ஓர் அடி வைத்தான், கால் தானாக வழுக்கியது. சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. அவன் உயரத்துக்குச் சுவரில் ஜன்னலும் இல்லை.)

பொறியாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். காகிதத்தைப் பார்த்தார், அரங்கத்தைப் பார்த்தார். எழுபத்தைந்து மடங்கு பெரிதாகிப்போன அதே ஆள் இந்தத் தடவை ஒற்றைக் காலில் வந்தார்.

"இன்னொரு டப்பா இருக்கா?" என்று தச்சரிடம் கேட்டார் பொறியாளர். தச்சர் உருட்டிக்கொண்டு வந்தார். "உக்காருங்கம்மா. குனிஞ்சா முதுகு போயிரும்."

அண்ணி உட்கார்ந்தார். இரண்டு வருஷம் வரைந்து, கட்டி, மேய்த்த அந்த ஜன்னலுக்கு முன்னால் அவர் உட்கார்ந்தது அன்றுதான். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருந்தது. ஆறு மீட்டருக்கு அரங்கம் முழுதும் தெரிந்தது. பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ கால் இடறி, பையோடு தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே இரண்டு கெஜம் போய் நின்றான். வாயைத் திறந்து சிரித்தான். சத்தம் கேட்கவில்லை, கண்ணாடி நல்ல கண்ணாடி. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பினான். தரையில் உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்கு நேராக, சுவரில், இரண்டு முகங்கள்.

அண்ணி அழுதுவிட்டார் என்று எழுதினேன்.

"சிரிச்சதுல கண்ல தண்ணி வந்துச்சு. அத அழுகைன்னு எழுதினே, உனக்கு இனி இந்த வீட்ல காபி கெடையாது" என்றார். ஆகவே, அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொறியாளரும் சிரித்தார். தச்சர் எட்டிப் பார்க்க இடம் இல்லாமல் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் தெரிந்தது.

9

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் பொறியாளர் சிரித்து முடித்ததும் படிவத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பதினேழாவது கட்டம் காலியாக இருந்தது. அண்ணி வாயால் தப்பு என்று சொல்லியாயிற்று, அதை அவர் காதால் கேட்டும் ஆயிற்று. படிவத்தின் பின்பக்க விதி எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை.

முடிவு அ: அவர் 'வடிவமைப்பின்படி சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். [இனிப்பாக இருக்கிறது. ஆனால் அண்ணி சொல்ல மறுத்த பொய்யை அவர் தலையில் கட்டுவதா?]

முடிவு ஆ: விதி விதிதான் என்றார். மறுநாள் செங்கல் வந்தது. குழுத் தலைவர் முதல் கல்லை— [என் கை இதற்கு மேல் எழுத மாட்டேன் என்கிறது. மன்னிக்கவும்.]

முடிவு இ: அண்ணன் சாக்ஸ் காலோடு உள்ளே வந்து, "சாப்பாடு மறந்துட்டே" என்று பையை நீட்டி— [இது நடந்தது. ஆனால் இது முடிவு இல்லை, சாப்பாடு.]

"அப்புறம் என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன்.

"அவரு பேனாவ என்கிட்ட நீட்டினாரு" என்றார் அண்ணி. "'நீங்க சொல்றது தப்பு. நான் பாக்கறது வேற. ரெண்டும் நெசம். இத எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல, இருபத்தஞ்சு வருஷத்துல இந்தக் கட்டம் இப்படி மாட்டினதில்ல'ன்னாரு."

"நீங்க வாங்கினீங்களா?"

"என் கட்டடத்துக்கு நானே எழுதினா நல்லாவா இருக்கும்? தச்சரைப் பாத்தேன். அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்ல. உங்க அண்ணனைப் பாத்தேன். அவர் சாக்ஸ்ல ஓட்டை விழுந்திருச்சான்னு பாத்துட்டிருக்காரு."

பிறகு அந்தக் கட்டத்தில் யார் என்ன எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணி சொன்னார். ஆசிரியையும் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டார். சொல்லப்போவதில்லை. ஆறு பக்கத்துக்கு அவ்வளவு சிரமப்பட்டு ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறேன், அதை நானே எப்படி நிரப்பிவிடுவேன்?

10

இதோ படிவம். அண்ணியிடம் கெஞ்சி, அந்த ஒரு வரியை மட்டும், கட்டத்தில் எழுதியதை மறைத்து, நகல் எடுத்து வந்தேன்.

இனம் 17. வாசக அறை, மேற்குச் சுவர், திறப்பு. ஆய்வாளர் குறிப்பு:

[                                                                  ]

நீங்கள் எழுதுங்கள். அவசரமில்லை. பேனா உங்கள் கையில், பொறியாளர் காத்திருக்கிறார், அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போன அண்ணன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், யாரும் பார்க்கவில்லை என்று மறுபடியும் நினைத்துக்கொண்டு, அரங்கத்தின் மூலைக்குப் போய் ஓடுவதற்குத் தயாராக நிற்கிறான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவதாக ஒரு பெயிண்ட் டப்பாவை உங்களுக்காகக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். பயப்படாதீர்கள், தாங்கும். அண்ணனே அதில் உட்கார்ந்துதான் அன்றைக்குச் சாப்பிட்டான், தட்டை மடியில் வைத்துக்கொண்டு.